பன்னிருவரின் முடிவு: வேதத்தில் இருப்பது எது, பாரம்பரியத்தில் வந்தது எது?

கேள்வி: சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்காக அப்போஸ்தலர்கள் பற்றி ஒரு சார்ட் தயாரிக்கிறேன். வாட்ஸப்பில் வந்த பட்டியலில் பேதுரு தலைகீழாகச் சிலுவையில், அந்திரேயா எக்ஸ் வடிவச் சிலுவையில், பர்த்தொலொமேயு தோலுரிக்கப்பட்டு, தோமா ஈட்டியால், சீமோன் ரம்பத்தால் என்று இருக்கிறது. யோவான் மட்டும் வயதாகி இறந்தாராம். ஒவ்வொன்றுக்கும் வசனம் போடலாம் என்று தேடினால் கிடைக்கவில்லை. எந்த அதிகாரத்தில் இருக்கிறது?

பதில்:

எந்த அதிகாரத்திலும் இல்லை. பன்னிருவரில் இருவருடைய சாவைத்தான் புதிய ஏற்பாடு எழுதிவைத்திருக்கிறது: ஒருவர் யூதாஸ்காரியோத்து, மற்றவர் செபெதேயுவின் குமாரன் யாக்கோபு. பேதுருவின் முடிவு எப்படியிருக்கும் என்று யோவான் 21-இல் ஒரு முன்னறிவிப்பு உண்டு. ஆனால் அது நடந்தேறியதாக எந்த வசனமும் விவரிக்கவில்லை. மற்றவர்களில் பெரும்பாலோர் அப்போஸ்தலர் நடபடிகள் 1:13-இல், மேல்வீட்டில் இருந்தவர்களாகப் பெயர் சொல்லப்படுவதோடு சரி; அதற்குப் பிறகு அவர்கள் பெயரே வருவதில்லை. உங்கள் பட்டியலில் மீதி அத்தனையும் வேதத்துக்கு வெளியே இருந்து வந்தது.

வெளியே இருந்து வந்தது என்பதாலேயே பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. அதில் சம்பவம் நடந்து சுமார் 30 ஆண்டில் எழுதப்பட்ட குறிப்பும் இருக்கிறது, 1,000 ஆண்டு கழித்து எழுதப்பட்ட கதையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே எழுத்தளவில், ஒரே நிறத்தில் அச்சடித்துவிடுவதுதான் வாட்ஸப் பட்டியலின் கோளாறு. பழைய ஏடுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். சம்பவத்துக்குக் கிட்டத்தில் இருப்பவர் ஒரு வரியில் முடித்துவிடுகிறார். 100 ஆண்டு தள்ளி எழுதுகிறவருக்குச் சிலுவை தெரிகிறது. இன்னும் தள்ளி எழுதுகிறவருக்கு அந்தச் சிலுவையின் வடிவமும், அதில் தொங்கியவர் பேசிய பேச்சும் தெரிகின்றன. சாட்சி தூரம் போகப் போக விவரம் குறையத்தான் வேண்டும், இங்கே கூடுகிறது. எந்த அப்போஸ்தலரைப் பற்றிப் படித்தாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதியானதிலிருந்து தொடங்குவோம். "யோவானுடைய சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தினால் கொலைசெய்தான்" என்று அப்போஸ்தலர் 12:2 சொல்கிறது. அவ்வளவுதான், ஒரே வசனம். விசாரணையும் இல்லை, கடைசி வார்த்தைகளும் இல்லை. கொன்ற ஏரோது, பெரிய ஏரோதின் பேரனான முதலாம் அகிரிப்பா. யூதேயா அவன் கையில் இருந்தது கி.பி. 41 முதல் 44 வரை; 44-இல் அவன் செசரியாவில் செத்ததை யூத வரலாற்றாசிரியர் யோசேபஸும் எழுதியிருக்கிறார். அதனால் யாக்கோபின் மரணத்தை இந்த மூன்றே ஆண்டுக்குள் அடக்கிவிடலாம். பன்னிருவரில் வேறு யாருக்கும் இவ்வளவு துல்லியமான காலக்கணக்கு கிடையாது. யாக்கோபைக் காட்டிக்கொடுத்தவனே மனம் மாறி, அவரோடு சேர்ந்து தலை வெட்டப்பட்டான் என்ற கதை, அலெக்சாந்திரியாவின் கிளமென்ட் (2-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய கிறிஸ்தவ ஆசிரியர்) சொன்னதாக, 4-ஆம் நூற்றாண்டில் யூசேபியஸ் எழுதிய சபை வரலாற்றில் இருக்கிறது. அதாவது 150 ஆண்டுக்குப் பிந்திய செய்தி. யாக்கோபுடையது என்று சொல்லப்படும், ஸ்பெயினில் இருக்கும் சந்தியாகோ கல்லறை 9-ஆம் நூற்றாண்டில் 'கண்டுபிடிக்கப்பட்டது'. அந்த ஒரு வசனத்திலிருந்து ஐரோப்பாவின் மிகப் பெரிய பாதயாத்திரை வழி ஒன்று முளைத்திருக்கிறது.

யூதாஸ் விஷயத்தில் வேதத்துக்குள்ளேயே இரண்டு விவரங்கள் உண்டு. மத்தேயு 27:5-இல் அவன் வெள்ளிக்காசை எறிந்துவிட்டு நான்றுகொண்டு சாகிறான். அந்தப் பணத்தில் ஆசாரியர்கள் குயவனுடைய நிலத்தை வாங்குகிறார்கள். அப்போஸ்தலர் 1:18-இல் அவனே நிலத்தைச் சம்பாதிக்கிறான், தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். தூக்குக் கயிறு அறுந்து விழுந்தான் என்று இணைத்துச் சொல்வது பிற்கால விளக்கம். அப்படி எந்த வசனமும் இல்லை. பிள்ளைகள் கேட்டால் இரண்டு வசனங்களையும் வாசிக்கச் சொல்லுங்கள். இருவரும் ஒத்துப்போகிற இடம், அந்த நிலத்துக்கு இரத்தநிலம் என்று பெயர் வந்தது.

இனி பேதுரு. பட்டியலில் அதிகக் குழப்பம் இவர் வரியில்தான், ஏனென்றால் இங்கே நல்ல சாட்சியும் பிற்காலப் புனைவும் பின்னிக்கிடக்கின்றன. யோவான் 21:18-இல் "நீ முதிர்வயதுள்ளவனாகும்போது உன் கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டி, உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்கு உன்னைக் கொண்டுபோவான்" என்று இயேசு சொல்கிறார். இன்ன மரணத்தினால் தேவனை மகிமைப்படுத்துவான் என்பதைக் குறிக்கும்படி இதைச் சொன்னதாக அடுத்த வசனமே விளக்குகிறது. இந்தச் சுவிசேஷம் எழுதப்பட்டபோது பேதுரு இறந்துவிட்டார் என்பதும், எப்படி இறந்தார் என்பது வாசகர்களுக்குத் தெரியும் என்பதும் இந்த விளக்கத்திலிருந்தே புரிகிறது. கைகளை நீட்டுவது சிலுவையைக் குறிக்கும் வழக்கு அந்தக் காலத்தில் இருந்தது. எந்த ஊர், எந்த ஆண்டு என்பது மட்டும் இல்லை.

ஊரைத் தேடுவது அடுத்த படி. கி.பி. 96-ஐ ஒட்டி ரோமாபுரி சபையிலிருந்து கொரிந்து சபைக்குப் போன கடிதம் ஒன்று உண்டு. ரோமின் கிளமென்ட் எழுதியது என்பார்கள். (மேலே சொன்ன அலெக்சாந்திரியாக்காரர் வேறு, இவர் வேறு. இருவரையும் ஒருவராக்கிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு.) அதன் 5-ஆம் அதிகாரத்தில் பேதுரு பொறாமையின் காரணமாகப் பல பாடுகளைப் பட்டு, சாட்சி கொடுத்து, தனக்குரிய மகிமையின் இடத்துக்குப் போனார் என்று இருக்கிறது. சிலுவை என்ற சொல்லே இல்லை.

'சாட்சி கொடுத்து' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். கிரேக்கத்தில் 'மார்த்துஸ்' என்றால் நீதிமன்றத்தில் நிற்கும் சாதாரண சாட்சிதான். தமிழில் நாம் 'இரத்த' என்று முன்னால் சேர்த்து இரண்டையும் பிரித்துவிட்டோம். கிரேக்கத்தில் ஒரே சொல் மெல்ல மெல்ல அர்த்தம் மாறியது. அப்போஸ்தலர் 22:20-இல் ஸ்தேவானை 'சாட்சி' என்று சொல்லும்போதே அந்த மாற்றம் தொடங்கியிருக்கிறது. 2-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிமிர்னா சபைக் கண்காணி பொலிகார்ப்பின் மரணத்தை விவரிக்கும் கடிதத்தில் அது முழுக்க 'இரத்தசாட்சி' ஆகிவிட்டது. இந்த இடைக்காலத்தில் எழுதப்பட்ட ஏட்டில் ஒருவர் 'சாட்சி கொடுத்தார்' என்று வந்தால், கொல்லப்பட்டார் என்று உடனே முடிவுகட்ட முடியாது. சுற்றியுள்ள வரிகளைப் பார்க்க வேண்டும். கிளமென்ட் கடிதத்தில் சுற்றியுள்ள வரிகள் உபத்திரவத்தையும் மரணத்தையும் பற்றியவை, ஆகவே இங்கே கொலை என்று எடுப்பது நியாயம். வேறு பல அப்போஸ்தலர்கள் 'இரத்தசாட்சி' ஆனதில் இந்தச் சொல்லின் மாற்றத்துக்கும் பங்கு உண்டு.

170-ஐ ஒட்டி கொரிந்துவின் தியோனீசியஸ், பேதுருவும் பவுலும் இத்தாலியில் போதித்து ஒரே காலத்தில் இரத்தசாட்சிகளானார்கள் என்கிறார். 200-ஐ ஒட்டி வட ஆப்பிரிக்க ஆசிரியர் தெர்த்துல்லியன், பேதுரு தன் ஆண்டவரைப் போலவே பாடுபட்டார் என்கிறார். அதே காலத்தில் ரோமில் இருந்த காயு என்பவர், வாத்திக்கானுக்கும் ஒஸ்தியா சாலைக்கும் வந்தால் அப்போஸ்தலர்களின் வெற்றிச்சின்னங்களைக் காட்டுகிறேன் என்று எழுதுகிறார். இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. 1940-களில் புனித பேதுரு பேராலயத்தின் அடியில் தோண்டியபோது சுவரில் பதிந்த சிறிய நினைவுமாடம் ஒன்று கிடைத்தது. பக்கத்தில் ஓடிய வடிகாலின் செங்கற்களில் இருந்த முத்திரை 147-க்கும் 161-க்கும் இடைப்பட்டது. ஆக, அந்த இடத்தை 160 வாக்கிலேயே ரோமக் கிறிஸ்தவர்கள் பேதுருவின் இடம் என்று அடையாளம் வைத்திருந்தார்கள். அங்கே கிடைத்த எலும்புகள் பேதுருவுடையவைதான் என்று 1968-இல் போப் ஆறாம் பவுல் அறிவித்தது வேறு கதை. ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. மாடத்தின் வயதை வைத்து எலும்பின் பெயரைச் சொல்லிவிட முடியாது.

தலைகீழ்ச் சிலுவை வருவது இதற்கெல்லாம் பிறகு. 2-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோன்றிய 'பேதுருவின் நடபடிகள்' என்ற புறநூலில்தான், அதாவது வேதாகமத்தில் சேராத நூலில்தான், முதலில் அது விரிவாக இருக்கிறது. ரோமைவிட்டு ஓடும்போது எதிரே இயேசு வருகிற காட்சியும் அதில் உள்ளதுதான். நம் பிரசங்கங்களில் சொல்லும் காரணம் என்ன? 'என் ஆண்டவரைப் போல மரிக்க நான் தகுதியற்றவன்' என்று பேதுரு கேட்டுக்கொண்டார் என்பது. அந்தப் புறநூலில் அந்தக் காரணமே இல்லை! அதில் பேதுரு தலைகீழாகத் தொங்கிக்கொண்டே ஒரு நீண்ட உரை நிகழ்த்துகிறார்: முதல் மனிதன் தலைகீழாக விழுந்தான், அதனால் உலகத்துக்கு இடது வலதாகவும் மேல் கீழாகவும் தெரிகிறது, அந்தப் புரட்டலை இந்தக் கோலம் காட்டுகிறது என்பது அதன் சாரம். பணிவு என்ற காரணம் 392-ஐ ஒட்டி ஜெரோம் எழுதிய குறிப்பில் தெளிவாக வருகிறது. நாம் சொல்வது ஜெரோமுடைய பேதுருவைத்தான். தலைகீழாக அறைவது நடக்கவே நடக்காத காரியம் என்றும் சொல்ல முடியாது. ரோமத் தத்துவஞானி செனெக்கா, சிலரைத் தலைகீழாகத் தொங்கவிட்டதைத் தன் கண்ணால் கண்டதாக எழுதியிருக்கிறார். அவர் நீரோவின் காலத்து மனிதர். நடந்திருக்கலாம் என்பதும் நடந்தது என்பதும் ஒன்றல்ல. சார்ட்டில் 'ரோம், நீரோ காலம், சிலுவை' என்று போட்டால் உறுதியான நிலத்தில் நிற்பீர்கள். 'தலைகீழாக' என்பதற்குப் பக்கத்தில் 'பாரம்பரியம்' என்று குறித்துவிடுங்கள்.

பவுல் பன்னிருவரில் ஒருவர் அல்ல, ஆனாலும் எல்லாப் பட்டியலிலும் இருப்பார். அப்போஸ்தலர் நடபடிகள் அவரை வாடகை வீட்டில் இரண்டு வருஷம் தங்கவைத்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. "நான் இப்பொழுதே பானபலியாக வார்க்கப்பட்டுப்போகிறேன்" என்ற 2 தீமோத்தேயு 4:6 மரணம் நெருங்கியதைச் சொல்கிறது, மரணத்தை அல்ல. ரோமில் கொல்லப்பட்டார் என்பதற்கு மேலே சொன்ன கிளமென்ட், தியோனீசியஸ், காயு மூவரும் சாட்சி. தலை வெட்டப்பட்டதைத் தெர்த்துல்லியன் மறைமுகமாகச் சொல்கிறார்: பவுலின் முடிவு யோவான்ஸ்நானனுடைய முடிவைப் போன்றது என்று. ரோமக் குடியுரிமை உள்ளவருக்குச் சிலுவை பொதுவாக இல்லை, வாள்தான் என்பதும் பொருந்துகிறது. வெட்டுண்ட தலை மூன்று முறை துள்ளி, துள்ளிய இடமெல்லாம் ஊற்று பொங்கியது என்பதைக் கதை நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

யோவான் வயதாகி இறந்தார் என்பதும் பாரம்பரியம்தான். இதைப் பலர் வேதவசனம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யோவான் 21:23 சொல்வது, அந்தச் சீஷன் மரிப்பதில்லை என்ற பேச்சு சகோதரருக்குள்ளே பரவியது, ஆனால் இயேசு அப்படிச் சொல்லவில்லை என்பது மட்டும். எபேசுவில் ரோமப் பேரரசன் டிராஜன் காலம் வரை, அதாவது 98-க்குப் பிறகும் உயிரோடிருந்தார் என்பது 2-ஆம் நூற்றாண்டு சபைத் தலைவர் இரேனியு தரும் செய்தி. இரேனியு சிறுவயதில் பொலிகார்ப்பைப் பார்த்தவர். பொலிகார்ப் யோவானைப் பார்த்தவர் என்று அவரே சொல்கிறார். சங்கிலியில் இரண்டே கண்ணிதான், ஆகவே இது வலுவான பாரம்பரியம். கொதிக்கும் எண்ணெயில் போட்டும் சேதமில்லாமல் வெளியே வந்தார் என்பது தெர்த்துல்லியன் முதலில் சொல்வது. கிழக்கே இருந்த பழைய ஏடுகளில் அது இல்லை. எதிர்த்திசையிலும் ஒரு குறிப்பு இருக்கிறது. யோவானும் அவர் சகோதரனைப் போலவே யூதர்களால் கொல்லப்பட்டார் என்று 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பாப்பியா எழுதியதாக 5-ஆம் நூற்றாண்டிலும் 9-ஆம் நூற்றாண்டிலும் இருவர் சொல்கிறார்கள். மாற்கு 10:39-இல் "நான் குடிக்கும் பாத்திரத்தில் நீங்கள் குடிப்பீர்கள்" என்று இருவருக்கும் சேர்த்துச் சொன்ன வசனத்தோடு இது ஒத்துப்போகிறது என்பார்கள். பாப்பியாவின் நூலை முழுதாகப் படித்த யூசேபியஸ் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை என்பதால் பெரும்பாலோர் இரேனியு பக்கமே சாய்கிறார்கள், நானும் அப்படியே. போகிற போக்கில் ஒன்று: எபேசுக் கல்லறையில் யோவான் சாகவில்லை, தூங்குகிறார், அவர் மூச்சில் மேல்மண் அசைகிறது என்று சொல்லக் கேட்டதாக அகுஸ்தீன் எழுதுகிறார். 'மரிப்பதில்லை' என்ற அந்தப் பழைய பேச்சு 300 ஆண்டுக்குப் பிறகும் அடங்கவில்லை.

அடுத்து, பெயர்க் குழப்பம். பட்டியல்களில் நேரும் தவறில் பாதிக்கு மேல் இதனால் வருவது. அல்பேயுவின் குமாரன் யாக்கோபு ஆலயத்தின் உப்பரிகையிலிருந்து தள்ளப்பட்டு, கல்லெறியப்பட்டு, தடியால் அடித்துக் கொல்லப்பட்டார் என்று உங்கள் பட்டியலிலும் இருக்கக்கூடும். அது அவர் கதையே இல்லை, கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபின் கதை. அந்த யாக்கோபின் மரணத்துக்கு கிறிஸ்தவரல்லாத சாட்சியே உண்டு: தேசாதிபதி பெஸ்து இறந்து, அடுத்தவன் அல்பீனு வந்துசேராத இடைவெளியில், கி.பி. 62-இல், பிரதான ஆசாரியன் அனானு அவரைக் கல்லெறிந்து கொல்ல ஒப்புக்கொடுத்தான் என்று யோசேபஸ் எழுதுகிறார்; மூன்று மாதத்திலேயே அனானுவின் பதவி போயிற்று. சுமார் 100 ஆண்டு கழித்து எகேசிப்பு என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் அதையே சொல்லும்போது உப்பரிகை சேர்கிறது, சலவைக்காரன் துணி அடிக்கும் தடியும் சேர்கிறது. மேற்கத்திய சபையில் ஜெரோமுக்குப் பிறகு இரண்டு யாக்கோபுகளையும் ஒருவராக எண்ணியதால் தடி அப்போஸ்தலன் கைக்குப் போய்விட்டது. அல்பேயுவின் குமாரன் எப்படி இறந்தார் என்பதற்கு ஆரம்பகாலச் சாட்சி எதுவும் இல்லை.

பிலிப்பு விஷயமும் இதே மாதிரி. பன்னிருவரில் ஒரு பிலிப்பு. பந்தி விசாரிக்கத் தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரில் ஒரு பிலிப்பு. இந்த இரண்டாமவருக்குத் தீர்க்கதரிசனம் சொல்லும் நான்கு குமாரத்திகள் இருந்தார்கள் என்று அப்போஸ்தலர் 21:9 சொல்கிறது. 190-ஐ ஒட்டி எபேசுவின் பொலிக்கிராத்து எழுதிய கடிதத்தில், பன்னிருவரில் ஒருவரான பிலிப்பு எராப்போலியில் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார், கன்னியராகவே வயதான இரண்டு குமாரத்திகளும் அங்கே இருக்கிறார்கள் என்று இருக்கிறது. குமாரத்திகள் வந்ததுமே சந்தேகம் வந்துவிடுகிறது: இது எந்தப் பிலிப்பு? எராப்போலி இன்றைய துருக்கியில், பாமுக்கலே வெந்நீர்ப் படிகளுக்கு மேலே இருக்கிறது. 2011-இல் இத்தாலிய அகழாய்வாளர்கள் பிலிப்புவின் கல்லறையை அங்கே கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். பழைய கிறிஸ்தவர்கள் அதைப் பிலிப்புவின் கல்லறையாக எண்ணி வணங்கினார்கள் என்பது அதிலிருந்து தெரிகிறது; எந்தப் பிலிப்பு என்பது தெரியவில்லை. பொலிக்கிராத்து 'இரத்தசாட்சி' என்று சொல்லாததையும் கவனியுங்கள். கணுக்காலில் கொக்கி மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்ட கதை பிற்காலப் புறநூலில் வருவது.

யூதா, ததேயு, லெபேயு என்ற பெயர்கள் நம் வேதாகமத்திலேயே ஒருவருக்கு விழுந்திருக்கின்றன (மத்தேயு 10:3-ஐயும் லூக்கா 6:16-ஐயும் ஒப்பிடுங்கள்). 'கானானியனாகிய சீமோன்' கானான் தேசத்தவன் அல்ல; அது வைராக்கியக்காரன் என்று பொருள்படும் அரமேயச் சொல், லூக்கா அதையே 'செலோத்தே' என்று கிரேக்கத்தில் போடுகிறார். இந்த யூதாவும் சீமோனும் பெர்சியாவில் சேர்ந்து கொல்லப்பட்டார்கள் என்பது 6-ஆம் நூற்றாண்டை ஒட்டிய தொகுப்புகளில் வருகிறது. ரம்பம் அதற்கும் பிற்பட்டது, இடைக்கால ஐரோப்பியச் சிற்பிகளும் ஓவியர்களும் பிரபலப்படுத்தியது. கோயில் சிலைகளில் பன்னிரண்டு தாடிக்காரர்களை வேறுபடுத்திக் காட்ட ஆளுக்கொரு கருவி தேவைப்பட்டது. கருவி வந்ததும் அதற்கேற்ற சாவும் நிலைத்துவிட்டது. அந்திரேயாவின் எக்ஸ் சிலுவையும் அப்படித்தான். பழைய 'அந்திரேயாவின் நடபடிகள்' நூலில் பத்ராஸ் நகரத்தில், சீக்கிரம் சாகக் கூடாது என்பதற்காக ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டுகிறார்கள், அவர் தொங்கியபடியே போதிக்கிறார். சிலுவை குறுக்காகச் சாய்ந்தது இடைக்காலத்தில்.

பர்த்தொலொமேயுவுக்கு மூன்று நான்கு சாவுகள் உண்டு: தோலுரித்து, தலை வெட்டி, சிலுவையில் அறைந்து, மூட்டையில் கட்டிக் கடலில் போட்டு. ஒருவருக்கு இத்தனை வகை இருந்தாலே எதுவும் ஆரம்பத்தில் தெரியாது என்று எடுத்துக்கொள்ளலாம். தோலுரித்த கதைதான் வென்றது. சிஸ்டைன் சிற்றாலயச் சுவரில் தன் தோலையே கையில் பிடித்துக்கொண்டிருக்கும் உருவம் அதற்கு நிரந்தர விளம்பரமாகிவிட்டது. மத்தேயுவுக்கு எத்தியோப்பியா என்றும் பெர்சியா என்றும் இரண்டு திசை. அவர் விதைகளும் கொட்டைகளும் காய்கறிகளும் சாப்பிட்டார், இறைச்சி தொடவில்லை என்பது அவரைப் பற்றி 200-ஐ ஒட்டியே எழுதப்பட்ட ஒரு செய்தி. எழுதியவர் அலெக்சாந்திரியாவின் கிளமென்ட்.

அதே கிளமென்ட் இன்னொரு முக்கியமான செய்தியைப் பாதுகாத்துவைத்திருக்கிறார். 2-ஆம் நூற்றாண்டில் எராக்கிலியோன் என்றொரு ஞானவாதப் போதகர், அதிகாரிகள் முன் வாயால் அறிக்கையிட்டுச் சாவது மட்டுமே அறிக்கை அல்ல என்று வாதிட்டார். அப்படிச் சாகாமல் இரட்சிப்படைந்தவர்களுக்கு உதாரணமாக மத்தேயு, பிலிப்பு, தோமா, லேவி, இன்னும் பலர் என்று பெயர் சொல்கிறார். கிளமென்ட் இதை எடுத்தெழுதிவிட்டு, பெயர்களை மறுக்காமல் மேலே போகிறார். எராக்கிலியோனின் உபதேசம் தவறாக இருக்கட்டும். இவர்களில் மத்தேயு, பிலிப்பு, தோமா ஆகிய மூவரும் கொல்லப்பட்டார்கள் என்பது அன்றைக்கு ஊரறிந்த செய்தியாக இருந்திருந்தால் இந்த உதாரணம் அவர் வாதத்தையே கவிழ்த்திருக்கும். யோவான் ஒருவர் மட்டுமே இயற்கையாக இறந்தார் என்ற வாட்ஸப் வரி இங்கேதான் இடறுகிறது.

தோமா பெயர் அதில் இருப்பது நம் ஊர்க்காரர்களுக்கு உறுத்தும். ஏடுகளை வரிசையாகப் பார்ப்போம். 3-ஆம் நூற்றாண்டு ஆசிரியர் ஓரிகன் சொன்னதாக யூசேபியஸ் தரும் குறிப்பில் தோமாவுக்குக் கிடைத்த தேசம் பார்த்தியா, அதாவது பழைய பாரசீகப் பகுதி. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதேசா (இன்றைய தென்கிழக்குத் துருக்கி) வட்டாரத்தில் சீரிய மொழியில் எழுதப்பட்ட 'தோமாவின் நடபடிகள்'தான் அவரை இந்தியாவுக்குத் தச்சனாகக் கொண்டுவருகிறது. அதில் வரும் குந்தப்பர் என்ற அரசன் வெறும் கற்பனை என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பக்கம் அவன் பெயர் பொறித்த காசுகள் வெளிவந்தன. தக்தி-பாகி கல்வெட்டில் அவன் ஆட்சியின் 26-ஆம் ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறது, அது கி.பி. 46-ஐ ஒட்டியது என்று கணக்கிடுகிறார்கள். அரசன் உண்மை, காலமும் பொருந்துகிறது. அதனாலேயே கதை முழுதும் உண்மையாகிவிடாது. ஆனால் எழுதியவருக்கு வடமேற்கு இந்தியாவைப் பற்றி நல்ல செய்தி எட்டியிருக்கிறது.

அதே நூலில் தோமா சாவது வேறொரு ராஜ்யத்தில், மஸ்தாய் என்ற அரசனின் ஆணையால். அரண்மனைப் பெண்கள் அவர் போதனையைக் கேட்டுக் கணவர்களைவிட்டு விலகியதுதான் அரசனின் கோபத்துக்குக் காரணம். நான்கு போர்வீரர்கள் அவரை ஊருக்கு வெளியே மலைக்குக் கொண்டுபோய் ஈட்டியால் குத்துகிறார்கள். எலும்புகளை ஒருவர் மேற்கே எடுத்துப்போய்விட்டதாகவும் அந்த நூலே சொல்கிறது. 4-ஆம் நூற்றாண்டில் எதேசாவில் தோமாவின் எலும்புகள் இருந்ததை சீரியக் கவிஞர் எப்பிராயீமின் பாடல்களும், 384-ஐ ஒட்டி அங்கே யாத்திரை வந்த எகேரியாவின் குறிப்பும் காட்டுகின்றன. மயிலாப்பூர்க் கல்லறையைப் பற்றி மார்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதும்போது, சாவு முற்றிலும் வேறு: தோமா காட்டில் ஜெபித்துக்கொண்டிருந்தார், சுற்றிலும் மயில்கள், மயிலுக்கு விட்ட அம்பு தவறி அவர் விலாவில் பாய்ந்தது. கொலையே இல்லை, விபத்து! மயில் ஊருக்கு மயில் கதை பொருத்தமாகத்தான் இருக்கிறது. பரங்கிமலையில் பகைவர் முதுகில் ஈட்டி பாய்ச்சினார்கள் என்று இன்று சொல்லும் வடிவம் பரவலாக அச்சேறியது போர்ச்சுகீசியர் வந்த பிறகு. அவர்கள் 1523-இல் மயிலாப்பூர்க் கல்லறையைத் தோண்டினார்கள். 1547-இல் பரங்கிமலையில் பஹ்லவி (பழைய பாரசீக) எழுத்துள்ள கற்சிலுவை கிடைத்தது. அந்தச் சிலுவை போர்ச்சுகீசியருக்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே கிழக்கத்திய கிறிஸ்தவர்கள் இருந்ததற்கு நல்ல சாட்சி. தோமாவின் மரணத்துக்கு அதைச் சாட்சியாக நிறுத்த முடியாது, ஏனென்றால் சிலுவையே அவருக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது. கி.பி. 52, 72 என்ற ஆண்டுகள் கேரள, மயிலைப் பாரம்பரியம் காத்துவருபவை. அந்தப் பெயரிலேயே சார்ட்டில் போடுங்கள்.

'பொய்க்காக யாரும் சாகமாட்டார்கள்' என்ற வாதத்துக்காகத்தான் இந்தப் பட்டியல் பெரும்பாலும் சுற்றுகிறது. அந்த வாதத்துக்குப் பதினொரு சாவு தேவையில்லை. செபெதேயுவின் யாக்கோபு, பேதுரு, பவுல், கர்த்தருடைய சகோதரன் யாக்கோபு ஆகிய நால்வருக்கும் நல்ல சாட்சி இருக்கிறது. மற்றவர்களும் அடிபட்டதும் காவலில் கிடந்ததும் அப்போஸ்தலர் 5-இல் எழுதியே இருக்கிறது. ரம்பத்தையும் தோலையும் சேர்த்துச் சொன்னால், கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒருநாள் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, நால்வரையும் சேர்த்துத் தள்ளிவிடும்.

சார்ட்டில் மேலிருந்து கீழாக மூன்று பத்தி போதும். முதல் பத்தியில் வசனம், இருந்தால் மட்டும். இரண்டாவதில் கி.பி. 200-க்கு முன் எழுதியவர் யாராவது சொல்லியிருந்தால் அவர் பெயரும் ஆண்டும். மூன்றாவதில் பிற்காலப் பாரம்பரியம், முடிந்தால் எந்த நூற்றாண்டு என்பதோடு. ஒருவருக்கு இரண்டு ஊர், இரண்டு சாவு இருந்தால் இரண்டையும் எழுதுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஸ்தேவானைப் பன்னிருவர் வரிசையில் நுழைத்துவிடாதீர்கள். பல அச்சுப் பட்டியல்களில் அவர் அங்கே நிற்கிறார். மத்தியாவுக்கு அப்போஸ்தலர் 1:26-இல் சீட்டு விழுந்ததை முதல் பத்தியில் எழுதிவிட்டு, அவருடைய இரண்டாவது கட்டத்தை வெறுமையாக விடுங்கள். பிள்ளைகள் ஏன் காலி என்று கேட்பார்கள்; கேட்கட்டும்.